கஞ்சாவும் இல்லை, பாசியும் இல்லை: ராடுலா மார்ஜினாட்டா பற்றி எழுதப்படுபவை குறித்து

ஒரு செடியைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அத்தனையையும் படித்த பிறகும் அந்தச் செடி எப்படி இருக்கும், எதன்மேல் ஒட்டி வாழும், தண்ணீரை எப்படிக் குடிக்கும் என்று ஒரு வரிகூடத் தெரியவில்லை. அப்படின்னா கோளாறு எழுத்தில்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் மட்டும் வளரும் ராடுலா மார்ஜினாட்டாவுக்கு நடந்திருப்பது இதுதான். தேடிப் பாருங்கள். "கஞ்சாவைப் போன்ற பாசி", "சட்டம் தொடாத போதை", "வலிக்குப் புது மருந்து" என்று தலைப்புகள் வரிசையாக வரும். செடியை மட்டும் காணோம்.

கொஞ்ச நாளாக இந்தச் செடி பற்றிய எழுத்துகளைச் சேர்த்து வைத்துப் படித்துவருகிறேன். செய்திகள், விற்பனைக் குறிப்புகள், வளர்ப்புக் குறிப்புகள், மூல ஆய்வுக் கட்டுரைகள் என்று நான்கு வகை. நான்கிலும் எது தேறுகிறது, எது தேறவில்லை என்று எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு. மூளையில் ஒரு மூலக்கூறு என்ன செய்கிறது என்பது மட்டுமே இங்கே கேள்வி இல்லை. மெதுவாக வளரும் ஒரு காட்டுச்செடியை யாரோ சுரண்டி எடுத்துப் பொட்டலம் போடுவதற்கு எழுத்தே வழிகாட்டுகிறது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

முதலில் செடி

இது பாசி இல்லை, மாஸும் இல்லை. லிவர்வொர்ட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. பதினோராம் வகுப்பில் தாவரவியல் படித்தவர்களுக்கு மார்கான்ஷியா நினைவிருக்கும். ஈரமண்ணில் பச்சை நாடா மாதிரி படுத்துக் கிடக்கும், கிண்ணம் கிண்ணமாக ஏதோ வைத்திருக்கும். பாடப்புத்தகம் அந்த ஒன்றைக் காட்டுவதால் லிவர்வொர்ட் என்றாலே நாடா வடிவம் என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மை அப்படி இல்லை. உலகில் 7,000-க்கும் மேற்பட்ட லிவர்வொர்ட் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பான்மை இலை வகை, அதாவது தண்டும் இலையுமாக இருப்பவை. மேலோட்டமாகப் பார்த்தால் மாஸ் மாதிரியே இருக்கும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நமக்குக் கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, குளத்தில் மிதப்பதும் பாசி, மழைக்காலத்தில் மதில்மேல் பச்சையாகப் படர்வதும் பாசி. பாடநூலில் ஆல்காவும் பாசி. பேச்சில் அது சரிதான், காலை வைத்தால் வழுக்கும் என்பதுதானே அங்கே முக்கியம். ஆனால் ஆங்கிலச் செய்தியில் ஏற்கெனவே தப்பாக "மாஸ்" என்று எழுதியதைத் தமிழில் "பாசி" ஆக்கும்போது தப்பு இரண்டு மடங்காகிறது. ஆகவே இங்கே லிவர்வொர்ட் என்றே எழுதுகிறேன்.

ராடுலாவைக் கையில் பிடித்து அடையாளம் காண முடியுமா? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் பேரினம் வரை போகலாம். இலைகள் தண்டின் இரு பக்கமும் இரண்டு வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல் இருக்கும். ஒவ்வோர் இலையும் மடிந்திருக்கும். மேல் மடல் பெரிசு, கீழே செருகினாற்போல் ஒரு சின்ன மடல். பல இலை லிவர்வொர்ட்டுகளில் தண்டின் அடிப்பக்கம் மூன்றாவதாக ஒரு வரிசைச் சிற்றிலைகள் இருக்கும். ராடுலாவில் அது கிடையாது. பற்றிக்கொள்ள உதவும் ரைசாய்டு இழைகள் தண்டிலிருந்து வராமல் அந்தக் கீழ்மடலிலிருந்தே கொத்தாகக் கிளம்பும். இது ராடுலாவின் தனி வழக்கம். ராடுலா என்றால் லத்தீனில் சுரண்டி. வித்தகத்தைச் சுற்றியிருக்கும் உறை தட்டையாக, நுனி வெட்டினாற்போல் இருப்பதால் வந்த பெயர்.

வேர் இல்லை. இலை பெரும்பாலும் ஒரே ஓர் உயிரணு கனம்தான். மழையோ பனியோ படும்போது உடம்பு முழுக்கவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்தால் சுருண்டு காத்திருக்கும். நியூசிலாந்தின் ஈரக்காடுகளில், நிழலில், மரப்பட்டை, பாறை, ஓடையோர மண்திட்டு ஆகியவற்றின்மேல் இது படர்கிறது. காட்டின் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும், வெயில் நேராக விழாது, வெப்பம் பெரிதாக ஏறாது. இந்த மூன்றும் சேர்ந்த இடம்தான் அதன் வீடு. வளர்ப்புக் குறிப்புகளைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேதியியல் கதை, ஒழுங்கான வரிசையில்

செய்திகளைப் படித்தால் எல்லாமே 2018-இல் திடீரென்று நடந்த மாதிரி இருக்கும். அப்படி இல்லீங்க. ஜப்பானின் தோகுஷிமாவில் யோஷினோரி அசகாவாவும் அவரோடு வேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகளாக லிவர்வொர்ட்டுகளின் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். உலகில் வெகு சிலரே கவனித்த துறை. 1994-இல் மசாவோ தொயோதாவும் அசகாவாவும் இன்னொருவரும் சேர்ந்து ராடுலா பெர்ரோத்தெட்டி என்ற ஜப்பானிய இனத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். கஞ்சாவில் இருக்கும் டிஎச்சிக்கு நெருங்கிய வடிவம். அதற்குப் பெர்ரோத்தெட்டினீன் என்று பெயர் வைத்தார்கள். 2002-இல் அதே ஆய்வுக்குழு, நியூசிலாந்துத் தாவரவியலாளர்களோடு சேர்ந்து, ராடுலா மார்ஜினாட்டாவிலும் இந்தக் குடும்பப் பொருள்கள் இருப்பதை வெளியிட்டது. கோஸ்டாரிகாவின் ராடுலா லாக்ஸிராமியாவிலும் இது உண்டு.

2018 அக்டோபரில் வந்தது சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகம், சூரிச்சின் ஈடிஎச் ஆகியவற்றின் கட்டுரை. யூர்க் கெர்ட்ஷ், எரிக் கரெய்ரா இருவரும் அதில் முக்கியமானவர்கள். 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளியானது. லிவர்வொர்ட்டைத் தூபப் பொருளாக, சட்டம் தொடாத போதையாக இணையத்தில் விற்கிறார்கள் என்பதைக் கெர்ட்ஷ் கவனித்ததிலிருந்து இந்த ஆராய்ச்சி கிளம்பியது. பொருளைச் செயற்கையாகத் தயாரித்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது மூளைக்குள் போகிறது, சிபி1 என்ற ஏற்பியில் உட்காருகிறது, டிஎச்சி உண்டாக்கும் அதே வகை விளைவுகளை உண்டாக்குகிறது, ஆனால் வீரியம் குறைவு. இன்னொன்றும் கண்டார்கள். மூளையில் அழற்சியோடு தொடர்புள்ள டி2, இ2 புரோஸ்டாகிளாண்டின்களின் அளவை அது குறைத்தது. டிஎச்சி அப்படிச் செய்யவில்லை.

வடிவத்தில் என்ன வித்தியாசம் என்றும் சொல்லிவிடுகிறேன். டிஎச்சியின் ஒரு முனையில் ஐந்து கார்பன் நீளமுள்ள வால் இருக்கும். பெர்ரோத்தெட்டினீனில் அந்த இடத்தில் பென்சீன் வளையத்தோடு முடியும் வேறொரு வால். இரண்டு வளையங்கள் சேரும் இடத்தில் அணுக்கள் திரும்பியிருக்கும் திசையும் வேறு. டிஎச்சியில் எதிரெதிர்ப் பக்கம், இதில் ஒரே பக்கம். கஞ்சாச் செடியின் முன்னோரும் லிவர்வொர்ட்டின் முன்னோரும் பிரிந்து 40 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு தூரம் விலகிப்போன இரண்டு கிளைகள் தனித்தனியே ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உண்மையான ஆச்சரியம் இதுதான். எந்தத் தலைப்பிலும் இது வரவில்லை.

செய்திகள் செய்த காரியம்

இப்போது விமர்சனத்துக்கு வருவோம். செய்திகளின் முதல் குறை, எலியிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவலில் போனது. "கஞ்சாவைவிட மேல்" என்ற பொருளில் வந்த தலைப்புகளுக்குப் பின்னால் இருப்பது எலிகளின் உடல் வெப்பம் குறைந்ததா, அசையாமல் உட்கார்ந்தனவா, வலி உணர்வு மங்கியதா என்ற அளவீடுகள். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை அந்தக் கட்டுரையில் இல்லை. ஒரு மூலக்கூறு மருந்தாவதற்கு நடுவில் நச்சுத்தன்மை, அளவு, நீண்டகால விளைவு என்று எத்தனை படிகள்! அத்தனையையும் ஒரு தலைப்பு விழுங்கிவிட்டது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிசு. ஆய்வாளர்கள் எலிக்குக் கொடுத்தது செடியை இல்லை, ஆய்வகத்தில் தயாரித்த சுத்தமான பொருளை. செய்திகளோ அந்த முடிவைச் செடியின்மேல் ஏற்றிவிட்டன. இரண்டுக்கும் நடுவே கடல் அளவு தூரம். காய்ந்த லிவர்வொர்ட்டைக் கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், ஒரு பிடிக்கு எடையே இருக்காது. இலை ஓர் உயிரணு கனம் என்றேன் அல்லவா. அந்தப் பிடியில் ராடுலா மட்டுமா இருக்கும்? மற்ற லிவர்வொர்ட்டுகள், மாஸ், பூஞ்சை இழைகள், நீலப்பச்சைப் பாசி, சிற்றுண்ணிகள், மரத்தூள், மண் எல்லாம் கலந்துதான் இருக்கும். புகைப்பவர் உள்ளே இழுப்பது அத்தனையையும் சேர்த்து. விளைவு வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. நோய் வந்தாலும் அதே கதிதான்.

மூன்றாவது, "சட்டப்படி சரி" என்ற சொல். ஒரு பொருளின் பெயர் தடைப்பட்டியலில் இல்லை என்றால் அரசு அதை ஆராய்ந்து அனுமதி கொடுத்துவிட்டது என்று பொருள் இல்லை. பட்டியல் எழுதியவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான். அதுவும் தவிர, போதைச் சட்டம் ஒரு பக்கம், காட்டுச் சட்டம் இன்னொரு பக்கம். நியூசிலாந்தின் தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் நாட்டுச் செடியை எடுப்பது 1980-ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காச் சட்டப்படி குற்றம். நான் படித்த "சட்டப்படி சரி" செய்திகள் எதிலும் இந்த வரி இல்லை. செடி அங்கே மட்டும்தான் வளர்கிறது என்று அதே செய்தியில் எழுதியிருக்கிறார்கள். அப்போது பொட்டலத்துக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஒருத்தருக்கும் எழவில்லையா?

பொட்டலத்துக்குள் இருப்பது யார்?

விற்பனைக் குறிப்புகளின் அடிப்படைப் பிரச்சினை அடையாளம். ராடுலா பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள். ஒரு மரத்திலேயே பல இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதி ராடுலாக்களை நுணுகி ஆராய்ந்தவர் மேட் ரென்னர். 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இவர் பெயர் உண்டு. வடிவத்தையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்ததில், ராடுலா புக்கினிஃபெரா என்று ஒரே பெயரில் அழைத்தவை உண்மையில் பல இனங்கள் என்று அவர் காட்டினார். நிபுணர்களே டிஎன்ஏ பார்த்துத்தான் பிரிக்க வேண்டிய ஒரு பேரினத்தில், விற்பவர் போட்டோவைக் காட்டி "அசல்" என்கிறார்.

இன்னொரு நுட்பமான விஷயம். லிவர்வொர்ட்டின் உயிரணுக்களுக்குள் எண்ணெய்த் திவலைகள் இருக்கும். தாவர உலகில் இவர்களுக்கு மட்டுமே உள்ள உறுப்பு. ராடுலாவில் அவை பெரிதாக, பழுப்பாக, ஓர் உயிரணுவில் ஒன்றிரண்டே இருக்கும். அடையாளத்துக்கு நல்ல உதவி. ஆனால் பல லிவர்வொர்ட்டுகளில் காய்ந்ததும் இவை சிதைந்து மறைந்துவிடும். அதனால்தான் லிவர்வொர்ட் ஆய்வாளர்கள் பச்சையாக இருக்கும்போதே நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துவைப்பார்கள். காயவைத்துப் பொடித்துப் பொட்டலம் கட்டிய பிறகு? வாங்கினவர் சரிபார்க்க ஒரு வழியும் மிஞ்சாது. இந்த வியாபாரத்துக்கு அது ரொம்ப வசதி.

"பாரம்பரியம்" என்ற முத்திரை

அநேகமாக எல்லாக் குறிப்புகளிலும் ஒரு வரி வரும். மாவோரி மக்கள் இதைப் பாரம்பரிய மருந்தாகப் பயன்படுத்தினார்கள் என்று. கூடவே வைருவாகோஹு என்ற பெயர். மாவோரி மொழியில் வைருவா என்றால் ஆன்மா, கோஹு என்றால் மூடுபனி. அழகான பெயர்தான். ஆனால் பெயரிலிருந்து மருத்துவ மரபுக்கு எந்தப் பாலத்தில் ஏறிப் போனார்கள்? எந்த ஊர், எந்தக் குலம், எந்த நோய்க்கு, உள்ளுக்கா வெளிப்பூச்சுக்கா, யார் சொன்னது? இதில் ஒன்றைக்கூட அந்தக் குறிப்புகள் சொல்வதில்லை. ஒரு பக்கத்தைப் பார்த்து இன்னொரு பக்கம் எழுதியது அப்பட்டமாகத் தெரிகிறது. வாக்கியம்கூட மாறவில்லை.

நமக்கு இது புதுசு இல்லை. "சித்தர்கள் அன்றே சொன்னது" என்று எந்தப் பொடிக்கும் ஒட்டப்படும் லேபிளைத் தினமும் பார்க்கிறோம். மரபு உள்ளவர்களுக்கு மரியாதை செய்வது போலத் தோன்றும். உண்மையில் அவர்கள் பேரை விளம்பரப் பலகையாக்குவதுதான் நடக்கிறது.

மாவோரி விஷயத்தில் இது இன்னும் கூர்மையான கேள்வி. தங்கள் மண்ணின் செடிகொடிகள், அவை பற்றிய அறிவு ஆகியவற்றின்மேல் தங்களுக்குள்ள உரிமையைக் கேட்டு அவர்கள் 1991-இல் வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் ஒரு வழக்கைப் பதிந்தார்கள். வாய் 262 என்று பெயர். அறிக்கை வர 20 வருஷம் ஆனது, 2011-இல் வந்தது. நாட்டுச் செடியிலிருந்து மருந்தோ பொருளோ செய்யும்போது அந்த மக்களுக்கு என்ன இடம் என்பது அதன் மையக் கேள்விகளில் ஒன்று. ராடுலாவை "மாவோரி மருந்து" என்று எழுதுகிறவர்கள் இந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். பேர் மட்டும் வேண்டும், பேருக்குரியவர்கள் வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

வளர்ப்புக் குறிப்புகள்: துளசிக்குச் சொன்னதை இதற்கும் சொல்வது

வளர்ப்பு பற்றி எழுதுபவர்களின் நோக்கம் பெரும்பாலும் நல்லதே. காட்டிலிருந்து எடுக்காமல் வீட்டில் வளர்த்தால் காடு தப்பும் என்கிறார்கள். சரியான யோசனை. ஆனால் எழுதியிருக்கும் முறையைப் பார்த்தால் தொட்டிச்செடிக் குறிப்பின் பெயரை மட்டும் மாற்றின மாதிரி இருக்கிறது. "நல்ல மண்கலவை, மிதமான உரம், தினம் தண்ணீர்." வேரே இல்லாத செடிக்கு மண்கலவை எதற்கு?

இலை லிவர்வொர்ட்டின் உடலமைப்பிலிருந்தே வளர்ப்பு முறை கிளம்ப வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீர்: இலை வழியாகவே குடிக்கிற செடி. நம் குழாய்த் தண்ணீரிலும் போர்வெல் தண்ணீரிலும் இருக்கும் உப்பு, இலைமேல் காயும்போது அங்கேயே தங்கிவிடும். வேருள்ள செடிக்கு மண் ஓரளவு வடிகட்டிக் கொடுக்கும், இதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே மழைத்தண்ணீர், அல்லது உப்பு நீக்கிய தண்ணீர். உரம் என்ற பேச்சே கூடாது. கருகிவிடும்.

பற்றுமிடம்: மண்ணைவிட மரப்பட்டைத் துண்டு, துளையுள்ள கல் நல்லது. ஈரத்தைப் பிடித்து வைக்கணும், ஆனால் ஊறிக் கிடக்கக் கூடாது. எப்போதும் நீர் தேங்கினால் பூஞ்சையும் ஆல்காவும் முந்திக்கொள்ளும்.

காற்றும் வெளிச்சமும்: மூடிய கண்ணாடிப் பெட்டி ஈரத்தைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் முழுக்க மூடி, வெயில் படும் ஜன்னலில் வைத்தால் உள்ளே அடுப்புதான். நேர்வெயில் படாத வெளிச்சம், அவ்வப்போது காற்று, குளிர்ச்சி. இந்தக் கடைசிச் சொல்தான் குறிப்புகளில் விட்டுப்போகிறது. மதுரை மே மாதத்தில் குளிர்சாதனம் இல்லாமல் இந்த வகையைக் காப்பாற்றலாம் என்று யாராவது எழுதினால் அவர் வளர்த்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இனப்பெருக்கம்: துண்டு ஒடிந்தால் அந்தத் துண்டே புதுச்செடியாக வளரும் திறன் லிவர்வொர்ட்டுகளுக்கு உண்டு. வித்திலிருந்து வளர்ப்பது வேறு சமாசாரம். ராடுலா இனங்களில் பெரும்பாலானவற்றில் ஆண் தனி, பெண் தனி. ஒரே செடியிலிருந்து ஒடித்து ஒடித்துப் பெருக்கிய கொத்து முழுவதும் ஒரே பாலாகத்தான் இருக்கும், ஆகவே வித்தே வைக்காது. "வித்து வரும், காத்திருங்கள்" என்று எழுதுபவர்கள் இதை யோசிக்கவே இல்லை.

ஆய்வக முறை: மார்கான்ஷியாவை வளர்க்கும் ஆய்வகங்கள் பாதிச் செறிவுள்ள காம்போர்க் பி5 ஊட்டத்தை அகாரில் கலந்து, கிருமி நீக்கிய தட்டுகளில் வளர்க்கின்றன. இலை லிவர்வொர்ட்டுகளையும் இப்படி வளர்க்கலாம், ஆனால் கிருமி நீக்கும் படிதான் தலைவலி. ஓர் உயிரணு கனமுள்ள இலையின்மேல் ஒட்டியிருக்கும் பூஞ்சையை ப்ளீச்சால் கொல்லப் போனால் இலையும் கூடவே சாகும். முதிர்ந்த, இன்னும் வெடிக்காத வித்தகம் கிடைத்தால் அதன் வெளிப்புறத்தை மட்டும் கழுவி உள்ளிருக்கும் வித்துகளை எடுக்கலாம். வித்தகமோ சில நாளே நிற்கும்.

கடைசியாக ஒன்று. கண்ணாடிப் பெட்டியில் சொகுசாக வளரும் செடி, காட்டில் பூச்சி கடித்து, காய்ந்து, நனைந்து வளரும் செடியின் அதே வேதிப்பொருளை அதே அளவில் வைத்திருக்கும் என்று கொள்ள முடியாது. இது எல்லா மூலிகைக்கும் பொருந்தும். அந்தப் பொருளுக்காக வளர்க்கிறேன் என்பவருக்கு இந்தக் கணக்கு உதைக்கும். செடிக்காகவே வளர்ப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆய்வுக் கட்டுரைக்கும் ஒரு கேள்வி

2018 கட்டுரையைக் குறை சொல்வது எளிதில்லை. கவனமான வேலை. எலி என்று சொல்ல வேண்டிய இடத்தில் எலி என்றே சொல்கிறது. வீரியம் குறைவு என்பதை மறைக்கவில்லை. செடியைச் சுரண்டாமல் பொருளைத் தயாரித்து ஆராய்ந்தது இன்னும் பாராட்டத்தக்கது. மருந்து வருவதானால் அது வர வேண்டிய வழியும் அதுதான். ஆனாலும் தலைப்பிலேயே "சட்டம் தொடாத போதை" என்ற சொல்லைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சொல்லை எதிர்க்கத்தான் ஆராய்ச்சி என்றாலும், செய்தியாளர் கைக்கு வெண்ணெய் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அதைவிட எனக்கு முக்கியமான குறை, அது அந்தக் கட்டுரையின் குறைகூட இல்லை, துறையின் பார்வைக் குறை. இந்தப் பொருள் நம் மூளையில் என்ன செய்கிறது என்று கேட்டார்கள். செடிக்கு இது எதற்கு என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. லிவர்வொர்ட் மனிதனுக்காக எதையும் தயாரிக்கவில்லை. மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அது இருந்தது.

இந்தக் கேள்விக்கு வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம் கிடைத்திருக்கிறது. 2020-இல் மார்கான்ஷியாவில் நடந்த இரண்டு ஆய்வுகளில், எண்ணெய்த் திவலை உருவாகாதபடி மரபணு மாறிய செடிகளை வைத்துப் பார்த்தார்கள். தொட்டால் உருண்டுகொள்ளும் பூச்சி மாதிரியான சின்ன ஓட்டுடலிகள், திவலை இல்லாத செடிகளை அதிகமாகத் தின்றன. ஆக, அந்தத் திவலைகள் செடியின் காவல். ஓடி ஒளிய முடியாத, முள்ளும் பட்டையும் இல்லாத, ஓர் உயிரணு கன இலை. அதற்கு இருக்கும் ஒரே ஆயுதம் கசப்பும் காரமும். நாம் "போதை" என்று பேர் வைத்திருப்பதும் அந்த ஆயுதக் கிடங்கில் உள்ள ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த ஒரு பத்தியைச் சேர்த்திருந்தால் எத்தனை செய்திகள் உருப்பட்டிருக்கும்!

பெயருக்குள் ஒரு புதுச்சேரிக்காரர்

முடிக்கும் முன் நம் பக்கத்துச் சேதி ஒன்று. பெர்ரோத்தெட்டினீன் என்ற பெயர் ராடுலா பெர்ரோத்தெட்டியிலிருந்து வந்தது என்றேன். அந்த இனப்பெயரில் இருப்பவர் சாமுவேல் பெர்ரோத்தே. 1793-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, பிரெஞ்சு அரசுக்காக உலகம் சுற்றிச் செடி சேகரித்தவர். நீலகிரியில் ஏறித் திரிந்து சேகரித்தவர். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் பொறுப்பில் இருந்து, 1870-இல் புதுச்சேரியிலேயே இறந்தார். உலகப் பத்திரிகைகள் தலைப்பில் போட்ட ஒரு மூலக்கூறு, நம்மூரில் கண்மூடிய ஒரு மனிதரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் கஞ்சாவைப் பிடித்தார்கள், பெர்ரோத்தேவை விட்டுவிட்டார்கள்.

ராடுலா பேரினத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பிரதிநிதிகள் உண்டு. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகிறவர்கள், சோலைக்காட்டு ஓரத்தில் ஈரமான மரப்பட்டையைப் பத்து மடங்கு லென்ஸில் பார்க்கலாம். இரண்டு வரிசை இலை, மடிந்த கீழ்மடல், அடியில் மூன்றாவது வரிசை இல்லை என்றால் ராடுலாவாக இருக்கலாம். சிவந்த பழுப்பு நிறத்தில், கீழ்மடல் குட்டிக் குல்லாய் மாதிரி இருந்தால் அது ஃப்ருல்லானியாவாக இருக்கக்கூடும். போட்டோ எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், சுரண்டாதீர்கள். நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். மீண்டும் அந்த இடம் பச்சையாக எத்தனையோ மழைக்காலம் பிடிக்கும்.

இனி யாராவது ராடுலா பற்றி எழுதுவதாக இருந்தால் மூன்று வரி கேட்கிறேன். அது எங்கே வாழ்கிறது என்று ஒரு வரி. சோதித்தது எலியிலா மனிதரிலா, செடியையா செய்பொருளையா என்று ஒரு வரி. செடிக்கு அது எதற்கு என்று ஒரு வரி. இந்த மூன்றும் இல்லாத கட்டுரை எந்தத் தலைப்போடு வந்தாலும் ராடுலா பற்றியது இல்லை, நம் ஆசையைப் பற்றியது.